கேமில் கோள்கள் சரியாகச் சுற்றுகின்றனவா? நீங்களே சோதிக்கலாம்

விண்வெளி சிமுலேஷன் கேமைத் திறந்ததும் கண்ணைப் பறிப்பது கிராஃபிக்ஸ்தான். சுற்றுப்பாதை எவ்வளவு உண்மையானது என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 1: கோள் நகர்கிறதா?

டைம் வார்ப்பை (கேமில் நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி) கூட்டி ஒரு கோளைக் கவனியுங்கள். சில கேம்களில் கோள் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படியென்றால் சோதனை அங்கேயே முடிந்தது.

படி 2: தூரத்தையும் ஆண்டையும் ஒப்பிடுங்கள்

சூரியனிலிருந்து பூமியின் தூரத்தை 1 என்று வைத்தால் செவ்வாயின் தூரம் 1.524. 1.524 × 1.524 × 1.524 என்று பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 1.88 வரும். செவ்வாயின் ஓர் ஆண்டு 1.88 பூமி ஆண்டுகள், அதாவது 687 நாள். வானியலாளர் கெப்ளர் 1619-இல் வெளியிட்ட மூன்றாம் விதி இதுதான்.

கற்பனைக் கோள்களுக்கும் இது பொருந்த வேண்டும். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கேமில் கெர்பின் என்ற கோள் தன் சூரியனிலிருந்து 1.36 கோடி கி.மீ., டூனா என்ற கோள் 2.073 கோடி கி.மீ. வகுத்துப் பாருங்கள், அதே 1.524! சுற்றுக்காலத்தின் விகிதமும் 1.88தான். அளவைச் சுருக்கினாலும் விதியை விடவில்லை. அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

படி 3: வேகம் மாறுகிறதா?

முக்கியமான சோதனை இது. பாதை நீள்வட்டமாகத் தெரிந்தால் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். புதனின் பாதை நீளவாக்கில் 100 என்றால் குறுக்கே ஏறத்தாழ 98. கண்ணுக்கு அது வட்டம்தான். ஆனால் சூரியன் நடுவில் இல்லை, சுமார் 10 பங்கு தள்ளி இருக்கிறது. அதனால் புதன் 4.6 கோடி கி.மீ. வரை நெருங்கி, கிட்டத்தட்ட 7 கோடி கி.மீ. வரை விலகுகிறது. நெருங்கும்போது நொடிக்கு 59 கி.மீ. வேகம், விலகும்போது 39 கி.மீ.தான்.

சூரியக் குடும்பம் உள்ள கேமில் புதனை நேர் மேலிருந்து பாருங்கள். 8 நாளுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வீதம் 88 நாளுக்கு 11 படம் எடுங்கள். அப்புறம் அடுத்தடுத்த படங்களில் புதன் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளக்கலாம். சூரியனுக்கு அருகே உள்ள இடைவெளி, தொலைவில் உள்ளதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். எல்லா இடைவெளியும் சமமாக இருந்தால் அங்கே ஈர்ப்பு விசைக்கு வேலையே இல்லை, கோள் வரைந்த கோட்டில் ஓடுகிறது.

படி 4: யார் யாரை இழுக்கிறார்கள்?

கெர்பலில் கோள்கள் நிலையான பாதையில்தான் ஓடும். உங்கள் விண்கலத்தையும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் இழுக்கும். பாதையை முன்கூட்டியே காட்ட இது வசதி. ஆனால் இரண்டு ஈர்ப்புகள் சேர்ந்து உருவாக்கும் லக்ராஞ்சு புள்ளிகள் (விண்கலம் இரு பொருள்களையும் பொறுத்து ஒரே நிலையில் இருக்கக்கூடிய இடங்கள்) அங்கே கிடையாது.

யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் என்ற இன்னொரு கேமில் பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும். வியாழனின் நிறையைக் கூட்டிவிட்டு மற்ற பாதைகள் கலைவதைப் பாருங்கள். நேர வேகத்தை மட்டும் அதிகம் கூட்டாதீர்கள். கணக்கிடும் இடைவெளி பெரிதாகிப் பிழை சேரும், நிலா கோளை விட்டே ஓடிவிடும். வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது நிலா நிலைத்து நின்றால், முன்பு நடந்தது கணக்குப் பிழைதான்.