தீப்பெட்டி டெலிபோன் பேசிய கதை

ஊட்டியில் ஜூலைச் சாரல். நாலு நாளாகப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே. தீப்பெட்டி டெலிபோன் செய்து கொடுத்தேன்; ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஈரக் காற்றில் அட்டை நமுத்துப்போயிருந்தது. நூலும் சரியில்லை. ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய கம்பளி (எங்கள் வீட்டில் அதுதானே முதலில் கைக்கு அகப்படும்!). இழுத்தால் நீளும், அதிர்வைத் தானே விழுங்கிவிடும்.

இரண்டு காலி பால்பவுடர் டின்களின் அடியில் ஆணியால் துளையிட்டு, பார்சல் கட்டும் ட்வைன் நூலைக் கோத்து, உள்பக்கம் தீக்குச்சியில் முடிச்சுப் போட்டேன். கூரான விளிம்பைத் தட்டி மழுக்கினேன். அப்போதும் கரகரப்புதான். பார்த்தால், நூல் கதவு நிலையில் உரசுகிறது! சின்னவளை நேரெதிரே நிறுத்தி, விறைப்பாகப் பிடிக்கச் சொன்னேன்.

“அப்பா, வர்க்கி பிஸ்கட் இருக்கா?” தெளிவாகக் கேட்டது.