பையில் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் அந்திச் சந்தையில் கைப்பேசி உறை விற்கும் கடைகளில் ஒரு தட்டு நிறையப் பிளாஸ்டிக் கொக்கிகள் கலர் கலராகக் கிடக்கும். இரண்டு வெள்ளிக்கு மூன்று. அட்டையில் காரபைனர் என்று போட்டிருந்தாலும் எங்களுக்கு அது கொக்கிதான். திறந்து மூடும் பகுதி நாக்கு. விடுமுறை நாளில் ஜெராய் மலைக்கோ மெர்போக் பக்கம் துப்பா அருவிக்கோ கிளம்பும் பையன்களின் முதுகுப்பையைப் பாருங்கள், ஒன்றாவது தொங்கும். என் பையிலும்தான். அது மோசமான சாமான் இல்லை. எதை மாட்டுகிறோம், எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் கோளாறு.

உயிருக்குப் பொறுப்பான வேலையை அதனிடம் கொடுப்பது பெரிய தவறு. பாறையேறுபவர்கள் கயிற்றில் மாட்டும் சாதாரண வகை உலோகக் காரபைனரே, நாக்கு மூடிய நிலையில் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது இ.என். 12275 என்ற ஐரோப்பியத் தரம். ஏறக்குறைய 2 டன். நாக்கு திறந்திருந்தால் கேட்கப்படும் அளவு 7 கிலோநியூட்டனாக இறங்கிவிடுகிறது. சந்தைக் கொக்கியில் எவ்வளவு தாங்கும் என்ற எண்ணே இருக்காது. உருவம் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஊஞ்சல் படுக்கை கட்டுவது, வழுக்குப் பாறையில் பிடிகயிறு மாட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இதை யாரும் செய்யமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். சரி, எல்லோரும் செய்வதற்கு வருவோம்: தண்ணீர்ப் போத்தல். ஒன்றரை லிட்டர் போத்தல் என்றால் தண்ணீர் மட்டும் ஒன்றரை கிலோ. கையில் தூக்கிப் பார்த்தால் கொக்கி தாங்குகிறது. ஆனால் மலையில் நாம் நின்றுகொண்டா இருக்கிறோம்? வேரைத் தாண்டிக் குதிக்கிறோம், போத்தலும் குதிக்கிறது. தளர்ந்த கயிற்றில் 10 சென்டிமீட்டர் விழுந்து 1 சென்டிமீட்டருக்குள் நின்றால், அந்த நேரத்தில் கொக்கியை இழுக்கும் சராசரி விசை எடையைப் போல 11 மடங்கு. ஒன்றரை கிலோ பதினாறரை கிலோ ஆகிவிட்டது. இது ஒரு தடவை இல்லை, அடிக்கு அடி நடக்கிறது. எடையைவிட ஆட்டம்தான் கொக்கியைக் கொல்லும். என் போத்தல் ஒன்று ஜெராய் காட்டுக்குள் உருண்டு போய்ச் சேர்ந்த கதையும் இதுதான்.

என் பாட்டி காண்டாவில், அதாவது தோளில் வைத்து இரு முனையிலும் வாளி தொங்கவிடும் கம்பில், பால் சுமந்தவர். இரண்டு பக்க வாளியின் கம்பியையும் கையால் பிடித்துக்கொண்டுதான் நடப்பாராம். ஆடவிட்டால் பாலும் சிந்தும், தோளும் போகும். பாட்டிக்குத் தெரிந்தது எனக்கு ஒரு போத்தலைத் தொலைத்த பிறகுதான் உறைத்தது. மேலே ஒரு கொக்கி போட்டால் கீழே ஒரு ரப்பர் வளையமோ நாடாவோ போட்டுப் பையோடு ஒட்டக் கட்டுங்கள். போத்தலா? பக்கப் பையில் செருகிவிடுங்கள், கொக்கியே வேண்டாம்.

நாக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனிப்பதில்லை. வெளிப்பக்கம் பார்த்தால் புதரில் உரசும்போது தானே திறந்துகொள்ளும். பிரம்பு முள் உள்ள பாதையில் அது பையிலிருப்பதைக் கழற்றும், இல்லை கொடியைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பின்னால் இழுக்கும். நாக்கை முதுகுப் பக்கம் திருப்பி மாட்டுங்கள்.

அப்புறம் மோட்டார் சைக்கிள். செமிலிங் சாலையில் ஒருநாள் பையில் தொங்கவிட்ட ஈரத் துண்டு பின்சக்கரச் சங்கிலிக்குள் போய்விட்டது. ஒரு வெடுக். கொக்கி இரண்டாக உடைந்தது, துண்டு கிழிந்தது, நான் விழவில்லை. அது இரும்புக் கொக்கியாக இருந்திருந்தால் பையோடு என்னையும் இழுத்திருக்கும். உடைவதும் அந்தப் பிளாஸ்டிக்கின் ஒரு நல்ல குணம் என்று அன்றுதான் நினைத்தேன். ஆனாலும் மோட்டாரில் ஏறும்போது எதையும் தொங்கவிடாமல் உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிடுவதுதான் சரி.

பழைய கொக்கியை நம்புவது இன்னொன்று. மோட்டார்க் கூடையில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கை, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் மெல்ல மெல்ல நொறுங்க வைக்கிறது. கட்டைவிரலால் தேயுங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் அது முடிந்தது. நாக்கு வளையும் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். உலோகக் காரபைனர் பலவற்றில் நாக்குக்குத் தனி வில் (ஸ்பிரிங்) இருக்கும். மலிவான பிளாஸ்டிக்கில் பல சமயம் அந்தப் பிளாஸ்டிக்கே வில். திரும்பத் திரும்ப வளைந்த இடத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், அடுத்த உடைப்பு அங்கேதான். கொசு மருந்து கையோடு தொடுவதையும் தவிருங்கள். பல கொசு மருந்துகளில் சேர்க்கும் டீட் என்ற வேதிப்பொருள் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வீட்டுச் சாவி, மோட்டார்ச் சாவி, அடையாள அட்டை? விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. அதெல்லாம் உள்பைக்கு.

இப்போது என் பையில் இரண்டே கொக்கி. ஒன்றில் தொப்பி. இன்னொன்றில், இறங்கி வரும்போது மட்டும், அட்டைப்பூச்சியை உதறிய ஈரக் காலுறை.