காவலர் நினைவாகச் சாலைக்குப் பெயர் சூட்டும்போது நடக்கும் தவறுகள்

பணியில் உயிரிழந்த காவலரின் பெயரைச் சாலைக்கோ பாலத்துக்கோ வைக்க வேண்டும் என்ற கோரிக்கை, பெரும்பாலும் இறுதிச் சடங்கு முடிந்த சூட்டோடு கிளம்பிவிடும். ஊரே ஒன்றாக நிற்கும் நேரம். மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் அந்த அவசரத்தில் விளைந்தவைதான்.

குடும்பத்தாரிடம் கடைசியாகக் கேட்கும் தவறை முதலில் சொல்ல வேண்டும். மனு எழுதி, கையெழுத்து வாங்கி, பத்திரிகையிலும் செய்தி வந்த பிறகு அவர் மனைவியிடம் போய் “சம்மதம்தானே?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கணவர் சுடப்பட்ட அதே சந்திப்புக்கு அவர் பெயரை வைத்தால், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போதெல்லாம் அந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு ஆறாத ரணம். மனைவி விரும்புவதைப் பெற்றோர் விரும்பாமலும் போகலாம். தனித்தனியே கேளுங்கள், எந்த இடம், பெயரை எப்படி எழுதுவது, பதவியைச் சேர்ப்பதா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

உயிர் பிரிந்த இடத்துக்குத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நியூயார்க்கில் 2014 டிசம்பர் 20 அன்று ரோந்து காரில் அமர்ந்திருந்த காவலர்கள் ரஃபேல் ராமோஸ், வென்ஜியன் லியூ இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டது பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில். ஆனால் அவர்கள் பெயர் தாங்கிய தெருக்கள் இருப்பது அதே நகரின் வேறு பகுதிகளான சைப்ரஸ் ஹில்ஸிலும் கிரேவ்ஸெண்டிலும். ஒருவரைச் சொல்லி மற்றவரை விட்டுவிடாமல் ஆளுக்கொரு தெரு. ஒரே சம்பவத்தில் பலர் இறந்தால் உயரதிகாரியின் பெயர் மட்டும் பலகையில் ஏறிவிடும் ஆபத்து எங்கும் உண்டு. 2008 மும்பை தாக்குதலில் கசாபின் துப்பாக்கியைப் பிடித்த பிடி விடாமல் உயிர்விட்ட துக்காராம் ஓம்ப்ளே ஓர் உதவி சப்-இன்ஸ்பெக்டர்தான். ஆனாலும் அந்நகரின் கிர்காவ் சௌபாத்தி கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அடுத்தது, பழைய பெயரை நீக்குவதா, கூடுதலாக ஒரு பெயர் சேர்ப்பதா என்று தெளிவில்லாமல் மனு கொடுப்பது. நியூயார்க்கின் வழக்கம் இணைப்பெயர்: பழைய பெயர் அப்படியே இருக்கும், நினைவுப் பலகை கூடுதலாக வரும், யாருடைய முகவரியும் மாறாது. முழுப் பெயரையும் மாற்றினால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் அடையாள அட்டையிலிருந்து வங்கிக் கணக்குவரை திருத்த வேண்டியிருக்கும். அவர்கள் எரிச்சல் கடைசியில் இறந்தவர் பெயர் மீதே திரும்பும். அதே ஊரில் கிட்டத்தட்ட இதே உச்சரிப்பில் வேறு தெரு இருந்தால் ஆம்புலன்ஸ் தவறான இடத்துக்குப் போய் நிற்கும். ஒரு காவலரின் பெயரால் அது நடக்கலாமா?

சாலை யாருக்குச் சொந்தம் என்று பார்க்காமல் அலைவதும் உண்டு. உள்ளாட்சித் தெருவுக்கு ஒரு அலுவலகம், நெடுஞ்சாலைக்கு வேறொன்று. மேம்பாலம் ரயில்வேயுடையதாகக்கூட இருக்கலாம். கலிபோர்னியாவில் மாநில நெடுஞ்சாலைக்கு நினைவுப் பெயர் வைக்கச் சட்டமன்றத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் நிறைவேறினாலும் பலகைக்கான செலவை அரசு ஏற்காது. நன்கொடை திரட்டிக் கொடுத்தால்தான் பலகை ஏறும். ஆகவே பணத்துக்கு வழி செய்யாமல் தேதி குறிக்காதீர்கள்.

பலகை விஷயத்தில் ஆசை அறிவை மறைத்துவிடும். பதவி, முதலெழுத்து, முழுப்பெயர், பதக்கம், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் திணிப்பார்கள். அமெரிக்க போக்குவரத்துக் குறியீட்டு விதிகளின் 2009 பதிப்பு, ஓர் அங்குல உயர எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்று கணக்கு வைக்கிறது. அப்படியானால் 6 அங்குல எழுத்துக்கு 180 அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்குப் படிக்கக் கிடைப்பது இரண்டே விநாடி. பெயரும் பதவியும் போதும். மற்றதை ஆட்கள் நின்று படிக்கும் இடத்தில் கல்லில் பொறியுங்கள். அந்த விதிகளும் நினைவுப் பலகைகளை ஓய்விடம் போல வண்டியை நிறுத்த வசதியுள்ள இடங்களில் வைக்கவே சொல்கின்றன. நினைவு நாளன்று குடும்பத்தார் பூங்கொத்தோடு வருவார்கள். அவர்களை லாரிகள் பறக்கும் சாலை ஓரத்தில் நிற்க வைப்பது சரியல்ல.

சாலையே வேண்டும் என்றும் இல்லை. லண்டனில் 1984 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்ட பெண் காவலர் இவோன் ஃப்ளெட்சருக்கு, அவர் விழுந்த செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் அடுத்த ஆண்டே ஒரு சிறு கல் நட்டார்கள். சதுக்கத்தின் பெயர் மாறவில்லை. இன்றும் அங்கே மலர் வைக்கிறார்கள்.

எழுத்துப் பிழை, திறந்து வைத்தவர் பெயர் இறந்தவர் பெயரைவிடப் பெரிதாக இருப்பது போன்றவற்றை அச்சுக்குப் போகும் முன் குடும்பத்தில் ஒருவரிடம் மாதிரியைக் காட்டினாலே தவிர்த்துவிடலாம். வழக்கு நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிய வாசகம் எதுவும் கல்வெட்டில் வேண்டாம்.

பலரும் யோசிக்காத ஒன்று பராமரிப்பு. வெயிலில் பலகை மங்கும், லாரி மோதிச் சாயும். மாற்றுவது யார் பொறுப்பு என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பாலம் என்றால் இன்னொரு வரியும் சேருங்கள்: இதை இடித்துப் புதிதாகக் கட்டினால் இதே பெயர் அதற்கும் தொடரும் என்று.