ஒலியால் தெர்மாகோல் மணியை மிதக்க வைப்பது எப்படி?

காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பும் சிறு குப்பி வடிவ டிரான்ஸ்டியூசர்கள் (இனி, குப்பிகள்) இரண்டை மேலும் கீழுமாக நேருக்கு நேர் நிறுத்தி ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கச் செய்தால், எதிரெதிராகச் செல்லும் அலைகள் சேர்ந்து இடம் நகராத நிலை அலையாகின்றன. அழுத்தம் ஏறி இறங்காத அதன் கணுக்களில் இலேசான பொருள் சிக்கி நிற்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆசியர் மார்சோ குழுவினர் 2017-இல் வெளியிட்ட டைனிலெவ் கருவியில் 72 குப்பிகள் உண்டு. தெர்மாகோலுக்கு இரண்டே போதும்.

தேவையானவை: எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலித் தூரமானி இரண்டு, ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை), அதன் சிக்னலை வலுவாக்கிக் குப்பிகளுக்குத் தரும் எல்298என் டிரைவர் பலகை, 12 வோல்ட் அடாப்டர். சேலத்தின் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில், தூரமானிகளில் 'டி' எனக் குறியிட்ட குப்பிகளை மட்டும் சால்டரிங் அயர்னால் கழற்றுங்கள். 'ஆர்' குறியுள்ளவை ஒலியைப் பெறுவதற்கானவை.

அடுத்து நிரல். நானோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 400-ஆல் வகுத்தால் 40 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும் என்பதால், அதன் உள்ளே உள்ள டைமர் 1-இன் உச்ச எண்ணை 399 என வைத்து (எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால்), 9-ஆம் பின்னில் அலையையும் 10-ஆம் பின்னில் அதன் தலைகீழையும் எடுத்து, டிரைவரின் முதல் இரண்டு உள்ளீடுகளில் கொடுங்கள். நானோ, டிரைவர் இரண்டின் கிரவுண்டு முனைகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும். குப்பிகள் இரண்டையும் முதல் வெளியீட்டில் இணையாகச் சேருங்கள். 40 கிலோஹெர்ட்ஸ் வேகம் டிரைவருக்கு உச்ச வரம்பு; சூடேறும், எனவே விட்டு விட்டு இயக்குங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது குப்பிகளுக்கு இடையிலான இடைவெளியில்தான். 35 பாகை வெயிலில் சேலத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் செல்வதால் அரை அலைநீளம் 4.4 மில்லிமீட்டர், 20 பாகையுள்ள ஏற்காட்டில் அது 4.3. ஆறு அரை அலைகளுக்கு முறையே 26.4, 25.8 மில்லிமீட்டர் வரும். கீழே சரியாக நின்ற மணி மலைமேல் விழுவதற்கு இந்த வித்தியாசமே போதும். குப்பியின் உண்மையான அதிர்பரப்பு வலைக்கு உள்ளே இருப்பதால், கணக்கிட்ட அளவில் தொடங்கி, திருகாணியால் மேல் குப்பியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பார்ப்பதே வழி.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, 2 மில்லிமீட்டர் மணியைத் தேநீர் வடிகட்டியின் வலைமேல் வைத்து, குப்பிகளுக்கு இடையில் நுழைத்துவிடுங்கள். ஒலி வலையை ஊடுருவும், விரலை ஊடுருவாது. மணி துள்ளி நின்றதும் வலையை மெல்லக் கீழிறக்குங்கள். சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். இந்த அமைப்புக்கு அது மிகக் கனம்.

மிதக்கும் மணியை நகர்த்த, ஒரு குப்பியை டிரைவரின் இரண்டாம் வெளியீட்டுக்கு மாற்றி, அதன் அலையைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்துங்கள். தாமதம் ஒரு முழுச் சுற்றை எட்டும்போது கணுக்களும் மணியும் அரை அலைநீளம் நகர்ந்திருக்கும்.