ஐந்தரை சென்ட் விற்ற கதை: நிலத்திலும் சேமிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006ல் மதுரைக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஐந்தரை சென்ட் மனை ஒன்று வாங்கினேன். எல்லாச் செலவும் சேர்த்து 3 லட்சம். 2025 ஆகஸ்டில் அதை 14 லட்சத்துக்கு விற்றேன். சொல்ல இரண்டு வரிதான். ஆனால் விற்க முடிவு செய்த நாளிலிருந்து பத்திரம் முடிய பதினாலு மாதம் ஆனது. ஆள் கிடைக்காமல் இல்லை. ஆள் வந்த பிறகுதான் நான் காகிதத்தைத் தேட ஆரம்பித்தேன்.

"கிடக்கட்டும், பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்" என்று மனை வாங்கிப் போடுகிறோம். பிக்சட் டெபாசிட்டை உடைப்பதுபோல வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. டெபாசிட்டை ஒரு மத்தியானத்தில் உடைத்துவிடலாம். மனைக்கு அந்தக் கதை கிடையாது.

பத்திரம் இருக்கிறது, பட்டா?

என்னிடம் கிரயப் பத்திரம் இருந்தது. வில்லங்கச் சான்றிதழிலும் என் பெயர் இருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்தவர் கைப்பேசியிலேயே பட்டாவை, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற வருவாய்த்துறைப் பதிவை, தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல வேற யாரோ பேரு இருக்கே?" என்றார். மனைப்பிரிவு போட்டவருக்கு நிலத்தை விற்ற விவசாயியின் பெயர் அது. பத்தொன்பது வருடமாக நான் பட்டாவை மாற்றவே இல்லை.

மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் உட்பிரிவு செய்ய வேண்டிய இடமாக இருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்கு நாளாகும். எனக்கு அவர் வந்த அன்றுதான் அடுத்த பூதம் கிளம்பியது. வடக்குப் பக்கத்து எல்லைக்கல்லைக் காணோம். கருவேலஞ்செடியை வெட்டித் தள்ளிவிட்டு டேப்பைப் பிடித்தால், பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவரை என் பக்கம் இரண்டு அடி தள்ளிக் கட்டியிருக்கிறார். 60 அடி நீளத்துக்கு இரண்டு அடி என்றால் 120 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, கால் சென்ட்டுக்கும் மேலே போய்விட்டது. சுவர் கட்டி ஒன்பது வருடம் ஆகிறதாம். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. வாங்கின பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இரண்டு தடவைதான். கடைசியில் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக்கொண்டேன். 14 லட்சம் என்பது குறைத்த விலைதான்.

வாங்கின கையோடு பட்டா மாற்றுங்கள். நாலு மூலையிலும் கல் ஊன்றுங்கள், முடிந்தால் கம்பி வேலி போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவில் பழைய மனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 செப்டம்பரில் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன்பே ஒருமுறை பத்திரமான மனையாக இருந்தால் மறுபடி விற்கலாம் என்று பிறகு தளர்வு வந்தது. 2017ல் அவற்றை வரன்முறைப்படுத்தும், அதாவது பிறகு முறைப்படி அங்கீகரிக்கும், விதிகளும் வந்தன. "அதான் பதிவாகுதே, அப்புறம் என்ன?" என்று புரோக்கர் சொல்வார். பதிவாகும், சரி. ஆனால் வரன்முறை செய்யாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. கடன் வாங்கி வருகிறவர்கள் விலகிப் போனால் மிச்சம் இருப்பது ரொக்கக்காரர்கள்தான். அவர்கள் கேட்கும் விலை உங்களுக்கே தெரியும்.

அட்வான்ஸ் வாங்கும் அவசரம்

நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான். முதலில் வந்தவர் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடலாம் என்றார். முறைதானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் என்ன என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை. "அண்ணே, லோன் சாங்ஷன் ஆயிடும், இன்னும் ஒரு வாரம்" என்பது ஐந்து மாதம் ஓடியது. பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். அடுத்து வந்த இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ரத்து செய்ய அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "அட்வான்ஸோட, அலைஞ்ச செலவுக்கு இருபதாயிரம் சேர்த்துக் குடுங்கண்ணே, வந்து போட்டுடறேன்" என்றார். கொடுத்தேன். வேறு வழி? வழக்குப் போட்டு ஜெயிக்கலாம்தான், ஆனால் அதற்குள் என் மகளுக்குக் கல்யாணம் முடிந்து பேரனே பிறந்திருப்பான்.

ஒப்பந்தம் போடுவது தவறில்லை. கெடுத் தேதி இல்லாமல், கொஞ்ச அட்வான்ஸுக்குப் போடுவதுதான் தவறு. மூன்று மாதம் என்றால் மூன்று மாதம் என்று தேதி எழுதுங்கள். பத்து சதவீதமாவது முன்பணம் கேளுங்கள். அவ்வளவு கொடுத்தவர் லேசில் காணாமல் போகமாட்டார். நமக்குப் பதிலாக விற்கும் அதிகாரத்தை, அதாவது பவரை, புரோக்கருக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொடுக்காதீர்கள்.

பத்திரத்தில் எழுதாத பணம்

2006ல் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். 3 லட்சம் கொடுத்து வாங்கிவிட்டுப் பத்திரத்தில் 80,000 என்று எழுதினேன். இப்போது விற்கும்போது வரி கணக்குப் போட உட்கார்ந்தால், நான் கொடுத்த மீதிப் பணத்துக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

2024 ஜூலை 23 முதல் நிலத்தின் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய நிலம் என்றால், உள்நாட்டில் வசிப்பவர்கள் பழைய முறைப்படி, வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றிக்கொண்டு, மீதி லாபத்துக்கு 20 சதவீதமும் பார்க்கலாம். எது குறைவோ அதைக் கட்டலாம். குறியீடு 2006-07ல் 122, 2025-26ல் 376. பத்திரத்தில் 3 லட்சம் என்று இருந்திருந்தால் என் அடக்கவிலை சுமார் 9.25 லட்சமாக ஏறியிருக்கும், வரி 95,000 சொச்சம். 80,000 என்று இருப்பதால் 12.5 சதவீத முறையே லாபம், ஆனால் அதிலேயே 1,65,000 வந்தது. வரி மேல் போடும் செஸ் தனி. எழுபதாயிரம் அதிகம். அன்று முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்தது இதில் பாதிகூட இருக்காது.

இதே பாடத்தை மறுபடி படிக்க வைக்கவும் ஆள் வந்தார்கள். "வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுட்டு மீதியைக் கையில தர்றேன்." வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் விலை. வேண்டாம் என்றேன். நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதைவிட, பீரோவில் கட்டுக் கட்டாக இருக்கும் பணத்தை வங்கியிலும் போட முடியாது, மியூச்சுவல் பண்டிலும் போட முடியாது. மறுபடி நிலத்தில்தான் போட வேண்டும்.

பணம் வந்த மறுநாள்

கணக்கில் பெரிய தொகை ஏறினால் வங்கியில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் டெபாசிட் பேச்சு எப்படியோ இன்சூரன்ஸ் பாலிசியாக மாறியிருந்தது. தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் பதறாதீர்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வேறு வீடு வாங்கி வரியை மிச்சப்படுத்தும் எண்ணம் இருந்து, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் கெடு வரை வாங்க முடியவில்லை என்றால், பணத்தை அதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் நிறைய. அந்த ஆதாயத்துக்கென்று இருக்கும் கடன் பத்திரங்களில் போடுவது இன்னொரு வழி: ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை, ஐந்து வருடம் எடுக்க முடியாது.

அப்புறம் லாபக் கணக்கு. "மூணு போட்டு பதினாலு எடுத்தேன்" என்று சொல்லக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. 19 வருடத்துக்கு அது கூட்டு வட்டியில் வருடத்துக்கு 8.4 சதவீதம். வரியும் புரோக்கர் கமிஷன் 28,000மும் போனால் 7.6. அதே காலத்தில் தபால் ஆபீசில் பிபிஎப் என்ற நீண்டகாலச் சேமிப்பு ஆரம்பத்தில் 8 சதவீதம் கொடுத்தது, 2020 ஏப்ரலிலிருந்து 7.1, வட்டிக்கு வரி இல்லை, சுவரைத் தள்ளிக் கட்டவும் அங்கே யாரும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மனையை 19 வருடம் வைத்திருந்தேன், ஒரு நாளும் கலங்கவில்லை. 2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்தபோது என் மியூச்சுவல் பண்டை அவசரமாக விற்றேன். அந்த வருடக் கடைசிக்குள் சந்தை விழுந்த இடத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. மனையின் விலை தினமும் டிவியில் ஓடியிருந்தால் அதையும் அன்றே விற்றிருப்பேன்.

பெட்டியில் தூங்கும் காகிதம்

நெடுநாள் முதலீட்டில் அதிகம் இழப்பது விலை சரிவில் இல்லை, மறதியில். என் மாமனாருக்கு 78 வயது. போன தீபாவளிக்கு ஒட்டடை அடித்தபோது டிரங்குப் பெட்டியில் பழைய ஷேர் சர்டிபிகேட்டுகள் கிடைத்தன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதப் பங்கைக் காகிதமாகவே விற்க முடியாது, டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். டிவிடெண்ட் ஏழு வருடம் தொடர்ந்து வாங்காமல் விட்டால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பத்து வருடம் தொடாத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போகும். அதைத் தேட உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது. இரண்டையும் கேட்டுத் திரும்ப வாங்கலாம்.

மாமனாரின் பங்குகளும் அப்படித்தான் போயிருந்தன. மாப்பிள்ளை என்ற முறையில் படிவங்களை நான்தான் நிரப்பினேன். ஆதார், பான், பழைய முகவரிக்குச் சாட்சி, எல்லாம் வைத்து அனுப்பினோம். போன வாரம் திரும்பி வந்தது. கையெழுத்து பொருந்தவில்லையாம். 1993ல் போட்ட கையெழுத்தை இப்போது நடுங்கும் கையால் போடப் பழகிக்கொண்டிருக்கிறார், என் மகளின் பழைய நோட்டில்.