வார்டில் துணைக்கு இருக்கப் போறவங்களுக்கு

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்து ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப் போறீங்களா? ஆரஞ்சும் ரொட்டியும் குவியும். தலையணையும் பிளக் பாயிண்டும் கிடைக்காது. பாய், போர்வை, பிளாஸ்க், பவர் பேங்க் எடுத்துக்குங்க. ஆதார், காப்பீட்டு அட்டை ஜெராக்ஸும்தான்.

கட்டில் ஒண்ணு, சுத்தி எட்டுச் சொந்தம், ஆளுக்கொரு வைத்தியம். எங்க பெரியம்மா காய்ச்சலா கிடந்தப்போ சித்தப்பா கசாயம்னார். மாமா அந்த டம்ளரைத் தள்ளி வச்சிட்டு இளநீரை நீட்டினார். பெரியம்மா போர்வையை முகத்துக்கு மேல இழுத்துக்கிட்டாங்க. அதனால வர்றவங்களை முறை வச்சு அனுப்புங்க. ஒரே நர்ஸம்மா வார்டு முழுக்க ஓடுவாங்க, பாவம்; கேட்க வேண்டியதைச் சீட்டுல எழுதி ஒரே தடவையா கேளுங்க.

பெரிய பஞ்சம் ரத்தத்துக்குத்தான். ரத்தம்னு சொன்னதும் எட்டுப் பேருக்கும் கடைசி பஸ் ஞாபகம் வந்துடும். விடாதீங்க, பிடிச்சு உட்கார வைங்க. வயசு 18 முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாம, உடம்பு நல்லா இருந்தா தரலாம். ஆண்களுக்கு 3 மாசம், பெண்களுக்கு 4 மாசம் இடைவெளி வேணும். குரூப் வேறயா இருந்தாலும் தரச் சொல்லுங்க. பக்கத்துக் கட்டிலுக்கு ஆகும். ரத்தம் உறைய உதவுற தட்டணுக்கள் (பிளேட்லெட்) எடுத்து வச்சா 5 நாள்தான் தாங்கும், அதைச் சேர்த்து வைக்க வழியில்லை. தர்றவங்க வெறும் வயித்தோட வர வேண்டாம், ரெண்டு இட்லி சாப்பிட்டு வரட்டும்.