ரேடாரில் மங்கிய இடமெல்லாம் காடழிப்பு அல்ல

மாதக்கணக்கில் மேகம் விலகாத மழைக்காட்டுப் பகுதிகளிலும் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் தவறாமல் தரவு தருகின்றன. பண்ணைகளைக் கண்காணிப்பவர்களுக்கு இது பெரிய வரம். அதனாலேயே அதை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம்.

நான் மிகவும் அஞ்சும் தவறு, எதிரொலி, அதாவது செயற்கைக்கோள் அனுப்பிய ரேடார் அலை தரையிலிருந்து திரும்பி வரும் அளவு, குறைந்த இடத்தையெல்லாம் காடழிப்பு என்று குறித்துவிடுவது. கிளைகளுக்குள் அலைகள் பலமுறை மோதித் திரும்புவதால் காடு பிரகாசமாகத் தெரியும். மரம் போனால் மங்கும். ஆனால் முதிர்ந்த ரப்பரை வெட்டி மறுநடவு செய்தாலும், எண்ணெய்ப் பனையைப் புதுப்பித்தாலும் அதே மங்கல்தான். முன்பு அங்கே இருந்தது காடா, தோட்டமா என்பதை ரேடார் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். காடழித்த நிலத்தில் விளைந்த பொருட்களைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2020 டிசம்பர் 31-ஐ எல்லைத் தேதியாக வைத்திருக்கிறது. அந்தத் தேதியில் நிலம் எப்படி இருந்தது என்ற வரைபடம் கையில் இல்லாமல் சிவப்புப் புள்ளி வைத்தால், ஒரு குற்றமும் செய்யாத சிறு விவசாயி தன் கொள்முதலாளரை இழப்பார். வைக்கும் முன் மேகமற்ற நாளின் ஒளிப்படத்தைப் பாருங்கள். அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். வெட்டிய மரங்கள் தரையிலேயே கிடந்தால் எதிரொலி பெரிதாகக் குறையாது. மழையில் நனைந்த மண்ணும் அதைக் கூட்டிக்காட்டும். சென்டினல்-1 அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ.தான், இலைகளையும் சிறு கிளைகளையும் தாண்டி அது அதிகம் இறங்காது. புதர் மண்டிவிட்டால் வெட்டிய தடமே மறைந்துபோகும். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலை இன்னும் ஆழமாக ஊடுருவும்.

ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுப்பதும் கூடாது. ரேடார் படத்தில் இயல்பாகவே உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும். அடுத்தடுத்த சில படங்களிலும் மங்கல் நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறு நிலங்களில் எல்லைக்கோடுதான் சிக்கல். அரை ஹெக்டேர் என்றால் படத்தில் 10 மீட்டர் கட்டங்கள் ஐம்பதுதான். பக்கத்து நிலமும் கலந்த ஓரக் கட்டங்களைக் கழித்தால் ஏறக்குறைய பாதியே மிஞ்சும். நிழலுக்கு நின்ற ஒற்றை மரத்தை வெட்டியது அதில் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நில எல்லையைப் பதியும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், அட்சரேகை பிறகுதான். இந்த வரிசையை மாற்றி எழுதியதால் பண்ணை வேறு கண்டத்துக்கே போய்விடுவதும் உண்டு.

மலைச்சரிவென்றால் செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்த படத்தைத் தெற்கு நோக்கி வரும்போது எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். பார்க்கும் பக்கம் மாறுவதால் மரம் அசையாமல் நின்றாலும் படம் மாறிவிடும்.